சீன எழுத்து: டிரெடிஷனலா, சிம்ப்ளிஃபைடா? பெங்களூர் எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு எதை முதலில் படிப்பது?

ஒசூர்ரோடு செந்தில்:

வணக்கம். பொம்மசந்திரா பக்கம் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கம்பெனியில் பர்ச்சேஸ் வேலை. ஷென்ஜெனிலிருந்து வரும் தர அறிக்கை, டிராயிங் குறிப்பு எல்லாம் சிம்ப்ளிஃபைட், அதாவது கோடுகளைக் குறைத்துச் சுருக்கிய எழுத்து. இந்த வருஷம் தைவான் வாடிக்கையாளர் ஒருவரும் சேர்ந்திருக்கிறார். அங்கிருந்து வருவது முழுக்க டிரெடிஷனல், சுருக்காத பழைய வடிவம். ஆபீஸில் நாலு பேரைச் சீன வகுப்பில் சேர்க்கப் போகிறார்கள், எதை முதலில் படிப்பது என்பதில் ஆளுக்கொரு பேச்சு. ஒன்றைப் படித்தால் மற்றது தானாக வரும் என்கிறார் ஒருவர். இரண்டும் வேறு வேறு மொழி மாதிரி என்கிறார் இன்னொருவர். ஒன்றை மற்றதாக மாற்றும் கன்வர்ட்டர் மென்பொருள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பவரும் உண்டு. உண்மையில் எவ்வளவு வித்தியாசம்? பரீட்சை எழுதுவதானால் எதில் எழுதலாம்?

இந்தத் தளத்தில் சீன எழுத்தை ஒட்டினால் வெறும் கட்டமாகத்தான் தெரிகிறது. உச்சரிப்பையும் பொருளையும் தமிழில் சொன்னால் போதும், வீட்டில் அகராதியைப் பார்த்துக்கொள்கிறேன்.

மல்லேஸ்வரம் மாண்டரின்:

செந்தில் சார், மொழி ஒன்றுதான், இலக்கணமும் ஒன்றுதான். எழுத்தின் வடிவம்தான் இரண்டு விதம், அதிலும் எல்லாம் மாறவில்லை. நான், நீ, ஆள், மலை, தண்ணீர், நல்ல, ஒன்று முதல் பத்து வரை எண்கள் எல்லாம் இரண்டிலும் ஒரே வடிவம்தான்.

எது மாறியது என்பதற்குச் சீன அரசின் பட்டியலே இருக்கிறது. 1956இல் முதல் திட்டம், 1964இல் முழுப் பட்டியல், 1986இல் சில திருத்தங்களோடு மறுவெளியீடு. அதன்படி சுருக்கப்பட்டவை 2,235 எழுத்துகள். எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், பட்டியல் அமைந்திருக்கும் விதம்தான் முக்கியம். முதல் பகுதியில் 350 எழுத்துகள். இவை தனித்தனியாகச் சுருக்கியவை, மனப்பாடம் தவிர வழியில்லை. தொழிற்சாலையைக் குறிக்கும் 'சாங்' 15 கோட்டிலிருந்து 2 கோடாகிறது, மின்சாரத்தின் 'தியென்' 13லிருந்து 5 ஆகிறது, புத்தகத்தின் 'ஷு' 10லிருந்து 4 ஆகிறது. இரண்டாம் பகுதியில் 132 எழுத்துகளும் 14 உறுப்புகளும் (எழுத்துக்குள் வரும் துண்டுகள்). இவை இன்னொரு எழுத்துக்குள் போய் உட்கார்ந்தாலும் அதே சுருக்கத்தோடுதான் உட்காரும். மூன்றாம் பகுதியில் இருக்கும் 1,753 எழுத்துகளும் அந்த 146ஐக் கொண்டு உண்டானவை.

'மா' என்ற குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். 10 கோடு 3 ஆகிவிட்டது. அந்தக் குதிரை உள்ளே நிற்கிற 'அம்மா', 'திட்டு', கேள்வியின் கடைசியில் வரும் 'மா' எல்லாவற்றிலும் அதே 3 கோடுதான். பேச்சைக் குறிக்கும் இடப்பக்க உறுப்பு 7லிருந்து 2, உலோக உறுப்பு 8லிருந்து 5, நூல் உறுப்பு 6லிருந்து 3, கதவு 8லிருந்து 3, வண்டி 7லிருந்து 4. செம்பு, வெள்ளி, வெள்ளீயம் மூன்றிலும் இடப்பக்கத்து உலோக உறுப்பு மட்டும்தான் மாறும், வலப்பக்கம் அப்படியே இருக்கும். சால்டர், டெர்மினல், ஸ்க்ரூ சம்பந்தமான தாள்களில் இந்த ஓர் உறுப்பு தெரிந்தாலே பாதிப் பக்கம் கண்ணுக்குப் பழகிவிடும்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். வகுப்பை சிம்ப்ளிஃபைடில் தொடங்குங்கள். கையால் எழுதுவதும் அதிலேயே. சுமார் 300 சொற்கள் வந்தபின் அந்த 14 உறுப்புகளுக்கும், குதிரை, கதவு, வண்டி, சிப்பி, பறவை, மீன், காற்று, பார், கிழக்கு, நீளம், பக்கம் போன்ற எழுத்துகளுக்கும் டிரெடிஷனல் வடிவத்தை அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். அடுத்து 350 பட்டியலில் உங்கள் தாள்களில் வருவதை மட்டும் பொறுக்கி எடுங்கள். டிரெடிஷனலை எழுதிப் பழக வேண்டாம், வாசிக்க வந்தால் போதும். வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலிருந்தே இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரிடம் மட்டும் போகாதீர்கள். கோட்டு வரிசை கையில் படிவதற்குள் இரண்டு வடிவமும் கலந்து, பாதி அது பாதி இது என்று எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

சீனப் பள்ளிகளும் வாசிப்பதையும் எழுதுவதையும் தனித்தனி இலக்காகத்தான் வைக்கின்றன. 2011 பாடத்திட்டப்படி முதல் இரண்டு வகுப்பில் அடையாளம் காண 1,600, எழுத 800. ஆறாம் வகுப்பு முடிவில் 3,000, 2,500.

பரீட்சை: சீனாவின் எச்எஸ்கே சிம்ப்ளிஃபைட். பழைய ஆறு நிலைக் கணக்கில் மூன்றாம் நிலைக்கு 600 சொற்கள், நான்காம் நிலைக்கு 1,200. முதல் இரண்டு நிலைகளில் எழுத்தோடு பின்யினும் (ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு) அச்சாகியிருக்கும், மூன்றிலிருந்து இருக்காது. பலர் அங்கேதான் வழுக்குகிறார்கள். 2021இல் வெளியான புதிய தரத்தில் ஒன்பது நிலைகள். மொத்தம் 3,000 எழுத்துகள், ஆனால் கையால் எழுதத் தெரிய வேண்டியது 1,200 மட்டும். தைவானின் டோக்ஃபல் ஏ, பி, சி என மூன்று பட்டைகளில் நடக்கும், வாசிப்புத் தாளை இரண்டில் எந்த எழுத்திலும் எடுக்கலாம். அதனால் பரீட்சைக்காக டிரெடிஷனல் கட்டாயம் இல்லை.

தில்லித் தமிழ்:

மாறுபடுகிறேன். டிரெடிஷனலிலிருந்து சிம்ப்ளிஃபைடுக்கு இறங்குவது சுலபம், ஏறுவதுதான் கஷ்டம். காரணம் கணக்குதான். டிரெடிஷனலில் இரண்டு மூன்றாக இருந்த எழுத்துகளை சிம்ப்ளிஃபைடில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். மூன்றை அறிந்தவருக்கு ஒன்று எளிது. ஒன்றை மட்டும் அறிந்தவர் மூன்றில் எது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், 'யோ' என்ற இரண்டு கோட்டு உறுப்பு. சீன இனத்தைக் குறிக்கும் 'ஹான்', கோழி, 'சரி' என்ற 'துய்', நோக்குதல், நாடகம் ஆகிய ஐந்து எழுத்திலும் டிரெடிஷனலில் ஐந்து வெவ்வேறு உறுப்புகள். அத்தனையையும் எடுத்துவிட்டு இந்த 'யோ'வை வைத்துவிட்டார்கள். சரி, விதி என்று மனதில் வைத்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. கோழியில் சுருங்கிய உறுப்பு ஓடையைக் குறிக்கும் 'சி'யில் சுருங்காமல் பழையபடியே நிற்கிறது. டிரெடிஷனலில் எழுத்தின் ஓர் உறுப்பு பெரும்பாலும் ஒலியைக் காட்டும், அந்த உதவி இங்கே போய்விடுகிறது.

எழுத்துச் சீர்திருத்தம் என்றதும் நம்மவர்கள் தமிழில் நடந்த 1978ஐ நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே ணை, லை, னை, றா போன்ற சில வடிவங்கள்தான் மாறின. பழைய புத்தகத்தை எடுத்தால் பத்து நிமிடத்தில் பழகிவிடும். சீனத்தில் நடந்ததை அதோடு சேர்த்துப் பேசவே முடியாது. அவர்களே 1977இல் இரண்டாம் சுற்றுச் சுருக்கத்தை வெளியிட்டுப் பார்த்து, குழப்பம் தாங்காமல் 1986இல் திரும்பப் பெற்றார்கள்.

கோடு குறைந்தால் கல்வி வளரும் என்ற வாதமும் எனக்கு ஒப்பில்லை. தைவானும் ஹாங்காங்கும் டிரெடிஷனலிலேயே எல்லோருக்கும் எழுத்தறிவு கொடுத்துவிட்டன. பள்ளிக்கூடமும் ஆசிரியரும் இருந்தால் பிள்ளைகள் 16 கோட்டு டிராகனையும் எழுதத்தான் செய்வார்கள். தைவானில் முதல் வகுப்பின் முதல் பத்து வாரம் சூயின் என்ற 37 ஒலிக்குறிகளைப் படித்துவிட்டு, அதைத் துணையாக வைத்துக்கொண்டு எழுத்துக்குப் போகிறார்கள்.

மல்லேஸ்வரம் மாண்டரின்:

தில்லி அண்ணா, வாசிப்பவருக்குக் கோடு குறைவு எப்போதும் நன்மை இல்லை என்பது சரிதான். பேச்சு உறுப்பு 2 கோடான பிறகு 'அமைத்தல்' என்ற 'ஷெ'யும் 'இல்லை' என்ற 'மெய்'யும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டன. தர அறிக்கையில் இரண்டுமே வரும், முதல் வருட மாணவர்கள் மாற்றித்தான் படிப்பார்கள். ஆனால் டிரெடிஷனலிலும் இது உண்டு. புத்தகம், ஓவியம், பகல் மூன்றும் அதில் அண்ணன் தம்பி, சிம்ப்ளிஃபைடில் மூன்றும் தெளிவாகத் தனித்து நிற்கின்றன. தூசிக்கு அடியில் மண், மேலே 'சிறிய' என்று போட்டது, மண்ணுக்கு மேல் மானை வைத்த 14 கோட்டு டிரெடிஷனலைவிட நல்லதாகத்தான் எனக்குப் படுகிறது. மேகத்துக்கு இப்போது எழுதும் 4 கோட்டு வடிவம் டிரெடிஷனலைவிடப் பழையது. மழை உறுப்பைப் பிற்காலத்தில்தான் மேலே ஏற்றினார்கள். அன்பு எழுத்திலிருந்து மன உறுப்பை எடுத்துவிட்டதால் 'மனம் இல்லாத அன்பு' என்று சிம்ப்ளிஃபைடைக் கிண்டல் செய்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

செந்தில் சாருக்கு வேண்டியது நாலு பேர் ஒரு வருடத்தில் தாளைப் படிப்பது. தைவான் இலக்கியம் படிக்கப் போகிறவருக்கு நீங்கள் சொல்லும் வரிசையைத்தான் நானும் சொல்வேன். இங்கே ஆசிரியர், புத்தகம், பரீட்சை மையம் எல்லாம் சிம்ப்ளிஃபைடுக்குத்தான் எளிதாகக் கிடைக்கும். சிங்கப்பூரும் 1969இல் 502 எழுத்தோடு சொந்தமாகத் தொடங்கி, 1976இல் சீனப் பட்டியலையே எடுத்துக்கொண்டது.

வைட்ஃபீல்ட் வள்ளி:

இரண்டு பேரும் எழுத்தின் வடிவத்திலேயே நிற்கிறீர்கள். வேலையில் இடிப்பது பெரும்பாலும் அது இல்லை. சொற்கள்தான்.

உதாரணங்கள் எல்லாம் எலக்ட்ரானிக்ஸிலிருந்தே தருகிறேன், முதலில் சொல்வது சீனா, அடுத்தது தைவான். சாஃப்ட்வேர்: ருவான்ஜியென், ருவான்தி. சிப்: சின்பியென், ஜிங்பியென். ஐசி: ஜிசெங் தியென்லு, ஜிதி தியென்லு. தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியின் முழுச் சீனப் பெயரிலேயே இந்த இரண்டாவது சொல் இருக்கிறது. சென்சார்: சுவான்கான்சி, கான்செசி. லேசர்: ஜிகுவாங், லெய்ஷ. பிளாஸ்டிக்: சுலியாவ், சுஜியாவ். எழுத்தை ஒன்றுக்கொன்று மாற்றினாலும் இவை மாறாது. தைவான் ஆளுக்குப் புரியும், ஆனால் சீனாவிலிருந்து வந்த தாளை எழுத்து மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

அர்த்தமே மாறுகிற சொற்கள் இன்னும் ஆபத்து. 'ஜிலியாங்' சீனாவில் தரம். தைவானில் அது நிறை, அதாவது கிலோகிராமில் அளப்பது. தரத்துக்கு அங்கே 'பின்ஜி'. இதையாவது சூழலை வைத்து ஊகிக்கலாம். எக்செல் சமாச்சாரத்தை ஊகிக்கவே முடியாது. 'லியெ' என்றால் சீனாவில் நெடுவரிசை (column), தைவானில் கிடைவரிசை (row). "மூன்றாவது லியெவைத் திருத்தவும்" என்று மெயில் வந்தால் அனுப்பியவர் எந்தக் கரை என்று பார்த்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். தைவான் எக்செலில் நெடுவரிசைக்கு 'லான்'. பேசாமல் சி3, டி7 என்று செல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இனி கன்வர்ட்டர். தில்லி சார் சொன்ன 'மூன்றுக்கு ஒன்று' இங்கேதான் கடிக்கும். சிம்ப்ளிஃபைடில் 'கான்' என்று ஒரே மூன்று கோட்டு எழுத்து. டிரெடிஷனலில் அது உலர்ந்தது, செய்தல் அல்லது தண்டு, குறுக்கிடுதல் என்று மூன்றாகப் பிரியும். உங்கள் ரீலோடு வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தில் 'உலர்' எழுத்து வர வேண்டும். சிக்னல் இன்டர்ஃபியரன்ஸ் என்றால் 'குறுக்கிடு' எழுத்து. மலிவான கன்வர்ட்டர் எல்லாவற்றுக்கும் ஒன்றையே போட்டுவிடும். இதே மாதிரி 'ஜி': உற்பத்தி என்ற சொல்லில் டிரெடிஷனலில் துணி உறுப்பை அடியில் வைத்த நீண்ட வடிவம், கன்ட்ரோல் என்ற சொல்லில் குறுகிய வடிவம். 'ஜுன்': தரநிலை என்பதில் நீண்டது, ஒப்புதல் என்பதில் குறுகியது. இந்த இரண்டும் ஒரே தாளின் மேலும் கீழும் வரும். 'சுங்': ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்பதை மாற்றாமல் விட்டால் ஸ்க்ரூ பைன் மரமாக இருக்கிறது என்று நிற்கும். 'ஃபா': இன்வாய்ஸிலும் அனுப்புதலிலும் ஒரு எழுத்து, தலைமுடிக்கு வேறு. உங்களுக்கு முடி வராது, அந்த மட்டில் தப்பித்தீர்கள்.

ஓபன்சிசி என்று இலவச மென்பொருள் இருக்கிறது. அது சொல்லாகப் பார்த்து மாற்றும், எழுத்தாக மட்டும் பார்க்காது. அதில் 'எஸ்2டி' என்ற அமைப்பு எழுத்து வடிவத்தை மட்டும் மாற்றும். 'எஸ்2டிடபிள்யூபி' தைவான் சொற்களையும் சேர்த்து மாற்றும். தைவானுக்கு அனுப்புவது என்றால் இரண்டாவதுதான். ஹாங்காங்குக்குத் தனி அமைப்பு. அங்கேயும் டிரெடிஷனல்தான், ஆனால் 'உள்ளே' என்ற 'லி' போன்ற சில எழுத்துகளின் வடிவம் தைவானுடையதோடு ஒத்துப்போகாது. மாற்றியபின் கான், ஜி, ஜுன், சுங், ஃபா, ஹௌ, லி, மியென், ஃபூ, சி ஆகிய பத்தையும் தேடிக் கண்ணால் பாருங்கள். தொழில்நுட்பத் தாளில் வரும் பெரும்பாலான தவறு இந்தப் பத்துக்குள் அடங்கிவிடும்.

தைவானின் பழைய ஈஆர்பி (கம்பெனி நிர்வாக மென்பொருள்) ஒன்றிலிருந்து வரும் சிஎஸ்வி ஃபைல் குப்பையாகத் திறந்தால் பயப்படாதீர்கள். அது 1984இல் வந்த பிக்5 குறியாக்கம். சீனாவின் பழைய ஃபைல் ஜிபி வகை. ஃபைலை இரட்டைக் கிளிக் செய்யாமல், எக்செலில் டேட்டா, ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி என்று போய், ஃபைல் ஆரிஜினில் தைவானுக்கு 950, சீனாவுக்கு 936, யூடிஎஃப்-8 என்றால் 65001 தேர்ந்தெடுங்கள். குப்பையாகத் திறந்ததை அப்படியே சேவ் செய்துவிட்டால் பிறகு மீட்க முடியாது, எழுத்து நிஜமாகவே போய்விடும்.

டைப் செய்ய சூயின் படிக்கத் தேவையில்லை. விண்டோஸின் மைக்ரோசாஃப்ட் பின்யினில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அதே பின்யினில் டிரெடிஷனல் வரும்.

ஒசூர்ரோடு செந்தில்:

மூன்று பேருக்கும் நன்றி. மல்லேஸ்வரம் சார் சொன்ன வரிசையில் சிம்ப்ளிஃபைடோடு ஆரம்பித்து, வள்ளி மேடம் சொன்ன சொற்களுக்குத் தனி ஷீட் போட்டுவிடுகிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். தைவானுக்குப் போகும் பெட்டியில் ஒட்டும் லேபிளை நாமே அடிக்க வேண்டும், ஜீப்ரா மாதிரி தெர்மல் பிரின்டர், 203 டிபிஐ. சிம்ப்ளிஃபைடுக்கு வைத்திருக்கும் அதே டெம்ப்ளேட் போதுமா? அப்புறம், மெயிலில் ஆட்களின் பெயரையும் கன்வர்ட்டரில் போட்டுக்கொள்ளலாமா?

வைட்ஃபீல்ட் வள்ளி:

டெம்ப்ளேட் போதாது. 203 டிபிஐ என்றால் மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. 2 மி.மீ. உயர எழுத்துக்கு 16 புள்ளிதான் கிடைக்கும். இயந்திரத்தின் 'ஜி' சிம்ப்ளிஃபைடில் 6 கோடு, 16 புள்ளியில் நன்றாக உட்காரும். டிரெடிஷனலில் 16 கோடு, அதே அளவில் கறுப்புத் திட்டாகிவிடும். குறைந்தது 24 புள்ளி, அதாவது 3 மி.மீ. வையுங்கள். போல்ட் வேண்டாம். டார்க்னெஸ் அளவையும் ஒரு படி குறையுங்கள், சூடு அதிகமானால் கோடுகளுக்கு நடுவே உள்ள வெள்ளை அடைந்துவிடும். இடம் இல்லை என்றால் எழுத்தைச் சுருக்காமல் சொல்லைக் குறையுங்கள். ஃபான்டும் மாற வேண்டும். சீனாவுக்கான யாஹெய்க்குப் பதில் தைவானுக்கான ஜெங்ஹெய், அல்லது நோட்டோ சான்ஸ் சிஜேகேயின் டிசி வகை. பிரின்டரில் ஏற்றிய ஃபான்ட் பழைய ஜிபி2312 வகையாக இருந்தால் அதில் 6,763 சீன எழுத்துகள்தான், எல்லாம் சிம்ப்ளிஃபைட் தரத்துக்கானவை. டிரெடிஷனல் எழுத்து பல இடத்தில் வெறும் கட்டமாக அடிக்கும். மாதிரி லேபிளில் உங்கள் பார்ட் பெயர்கள் அனைத்தையும் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு ரோலைப் போடுங்கள்.

பெயரை ஒருக்காலும் கன்வர்ட்டரில் போடாதீர்கள். குடும்பப் பெயர்களில் சில, சுருக்கப்பட்ட எழுத்து போலத் தோன்றும், ஆனால் டிரெடிஷனலிலும் அதுவே அசல். 'ஜியாங்' என்ற குடும்பப் பெயரை மாற்றினால் இஞ்சி ஆகிவிடும். திரு. இஞ்சி என்று கூப்பிட்டால் ஆர்டர் வருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். 'ஃபான்' என்ற குடும்பப் பெயர் 'முன்மாதிரி' என்ற சொல்லின் எழுத்தாகிவிடும். மாறாக 'யெ' என்ற குடும்பப் பெயர் டிரெடிஷனலில் இலையின் நீண்ட வடிவம்தான், அது மாறத்தான் வேண்டும். அதனால் விதி சொல்லி முடியாது. மெயிலின் கீழே அவர் போட்டிருக்கும் கையொப்பத்திலிருந்தோ விசிட்டிங் கார்டிலிருந்தோ காப்பி எடுத்து கான்டாக்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் அதையே ஒட்டுங்கள்.

தில்லித் தமிழ்:

வள்ளி சொன்னதோடு ஒன்று. கன்வர்ட்டரை மறுபக்கம், அதாவது டிரெடிஷனலிலிருந்து சிம்ப்ளிஃபைடுக்கு ஓட்டும்போது தவறு மிகக் குறைவு. தைவான் தாளைப் படிக்க அப்படி மாற்றி வைத்துக்கொள்வதில் தப்பில்லை, சொல் வேறுபாடு மட்டும் மிஞ்சும். அங்கேயும் விதிவிலக்கு உண்டு. 'உலர்' எழுத்துக்கு 'சியென்' என்று இன்னொரு உச்சரிப்பு இருக்கிறது, அந்த உச்சரிப்பில் வரும்போது சீனாவிலும் அதைச் சுருக்குவதில்லை. சியென்லுங் பேரரசர் பெயர் அப்படித்தான் சுருங்காமல் நிற்கிறது. சீனா போனால் கோயில் கல்வெட்டிலும் கையால் எழுதிய கடைப் பலகையிலும் டிரெடிஷனலைப் பார்ப்பீர்கள். 2000ஆம் ஆண்டின் மொழிச் சட்டமே தொல்பொருள், கையெழுத்துக் கலை, கையால் எழுதிய பெயர்ப்பலகை போன்றவற்றுக்கு அதை அனுமதிக்கிறது. வாடிக்கையாளரின் கம்பெனி லோகோ டிரெடிஷனலில் இருக்கிறது என்பதற்காக அவர் தைவான்காரர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம், முகவரியைப் பாருங்கள்.